பதிலளித்த பதினாலாம் நம்பர்

"கையெழுத்து மட்டும் போட மாட்டேன் சார்."

நாற்காலியில் உட்காரும் முன்பே அவள் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாக டெக்னீஷியன். கையில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு பகல் ஒரு மணிக்குள் அவள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எந்தப் பரிசோதனைக் கூடமும் இனி அவளை வாசல்படி ஏற்றாது. போடாவிட்டால் இன்றே வேலை நீக்கம்.

எதிரே இருந்தவரை எல்லோரும் வயர்க்காரர் என்பார்கள். அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பதும், இணைப்பு கெட்டால் காரணம் கண்டுபிடிப்பதும் அவர் தொழில். லேசில் பதறாத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பதற அவருடைய அண்ணி பக்கத்து மேசையில் இருந்தார். ஃபோன் எடுப்பது அண்ணியின் வேலை. துப்புத் துலக்குவது ஆசை.

"என்ன நடந்ததுன்னு முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் வயர்க்காரர்.

"திங்கட்கிழமை காலையில பதினொண்ணு இருபதுக்கு ஒரு அம்மாவோட ரத்த வகையை யாரோ மாத்திட்டாங்க. 'ஏ'ன்னு இருந்தது 'பி' ஆயிடுச்சு. ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி நர்ஸ் சந்தேகப்பட்டதால அந்த அம்மா பொழைச்சாங்க. எங்க லேப்ல எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதனால எந்தக் கம்ப்யூட்டர்னு பார்த்தாங்க. சர்வர்ல பதினாலாம் நம்பர்னு பதிவாயிருக்கு. பதினாலு என் சீட்டு. ட்யூப்ல ஒட்டுற லேபிளைக்கூட அந்த நம்பர்லேருந்து சொன்னா மட்டும்தான் பிரிண்டர் அடிக்கும்."

அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்த நேரம் நீங்க டீ குடிக்கப் போயிருப்பீங்க. வேற யாரோ உங்க சீட்டுல வந்து உட்கார்ந்திருக்காங்க."

"இல்லக்கா. சீட்டைவிட்டு நான் எழுந்திருக்கவே இல்ல."

அண்ணியின் முகம் தொங்கிப்போனது. வயர்க்காரரோ அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொய் சொல்றவங்க 'நான் அங்க இல்ல'ன்னுதான் அண்ணி ஆரம்பிப்பாங்க. சரிம்மா, சீட்டுல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நெட் வராம முழிச்சிட்டிருந்தேன். அன்னைக்கு பஸ் லேட், எனக்கு முன்னாடியே எல்லாரும் வந்துட்டாங்க. நான் முதல்ல வந்து ஆன் பண்ற நாள்ல நெட் வரும், லேட்டானா வராது. ஒரு வாரமா இதே கூத்துதான். ஏதோ மெசேஜ் வேற வரும். சூப்பர்வைசர்கிட்ட காட்டினா, 'அதை மூடிட்டு வேலையைப் பாரு'ன்னார். திங்கட்கிழமை பதினொண்ணு அஞ்சுக்குப் புகார் நோட்டுல எழுதியும் வச்சேன். தப்பு பண்ணப் போறவ முன்கூட்டியே சாக்கு எழுதிட்டான்னு சொல்றாங்க."

"ஒரு வாரத்துக்கு முன்னாடி என்ன ஆச்சு?"

"என் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிட்டு மூணு நாள் கழிச்சு வந்துச்சு."

"அந்த மூணு நாள் வேலை எப்படி ஓடுச்சு?"

"ரிசல்ட்டையெல்லாம் கையால எழுதினேன். லேபிள் மட்டும் எப்பவும் போல வந்துட்டிருந்தது."

வயர்க்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, போகலாம். அண்ணி, நீங்களும்தான்." சொல்லும் முன்பே அண்ணி செருப்பை மாட்டியிருந்தார்.

பரிசோதனைக் கூடம் ஒரே நீள அறை. நான்கு மேசை, நான்கு கம்ப்யூட்டர். கடைசி மேசையில் கூடத்தின் தலைவரான பெரிய டாக்டர், கண்ணாடித் தடுப்புக்குள் சூப்பர்வைசர், வாசலருகே பதிவு எழுதும் பெண். மூவருமே டெக்னீஷியனை நேராகப் பார்க்கவில்லை. ஒருவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டிவிட்டால் அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் மட்டும் எங்கோ போய்விடுகிறது.

அவள் தன் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். பதினாலு என்ற முகவரி ஏற்கெனவே வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது என்று திரையில் ஒரு செய்தி வந்தது.

"ஒரு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றார் பெரிய டாக்டர்.

"பத்து போதும் டாக்டர். உங்க சீட்டைக் கொஞ்சம் கொடுங்க."

வயர்க்காரர் டெக்னீஷியனின் கேபிளைப் பிடுங்கி மேசை மேல் வைத்தார். பிறகு பெரிய டாக்டரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இணைப்பு வழியாகப் பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டார். திரையில் வரிவரியாகப் பதில் வந்தது.

"பதினாலுக்குக் கேபிளே இல்ல. ஆனா பதினாலு பதில் சொல்லுது. இப்ப ஒவ்வொருத்தரா அவங்கவங்க கேபிளை எடுங்க."

பதிவு எழுதும் பெண் எடுத்தாள். பதில் தொடர்ந்து வந்தது. சூப்பர்வைசர் அசையவில்லை. அண்ணி விறுவிறுவென்று தடுப்புக்குள் போய், "நான் எடுத்து விடவா?" என்று கேட்ட பிறகே அவர் கை போனது. கேபிள் கழன்றதும் பதில் நின்றது.

"ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பர்தான்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க" என்றார் வயர்க்காரர். "ஒரே ஆளுக்கு ரெண்டு விலாசம் இருக்கிற மாதிரி, ஒரே கம்ப்யூட்டருக்கு ரெண்டு நம்பர் கொடுக்கலாம். இவரோட சொந்த நம்பர் எழுபது. பதினாலு, கூடுதலா ஒட்டிவச்சது. பதினாலாம் கம்ப்யூட்டர் ரிப்பேர்ல இருந்த மூணு நாளும் லேபிள் வந்துச்சே, யார் கொடுத்தாங்கன்னு யாரும் கேட்கலையே."

"அப்போ ரத்த வகை?" பெரிய டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு நம்பர் இருந்தா, போற இடத்துக்குக் கிட்டத்துல இருக்கிறதைத்தான் கம்ப்யூட்டர் பெரும்பாலும் எடுத்துக்கும். சர்வர் நம்பர் பத்து. எழுபதைவிடப் பதினாலு கிட்ட. அதனால இவர் தட்டினதெல்லாம் இந்தம்மா கணக்குல விழுந்துச்சு. ஒரே நம்பருக்கு ரெண்டு பேர் வந்தா, முதல்ல ஆன் ஆனதுக்குத்தான் இடம். திங்கட்கிழமை அது இவரோடது. புகார் நோட்டு சொன்னது நிஜம். அந்த நேரம் இந்தம்மா கம்ப்யூட்டரால சர்வரைத் தொடவே முடியாது."

சூப்பர்வைசர் உட்கார்ந்துவிட்டார். "லேபிள் நின்னுடக் கூடாதேன்னுதான் பதினாலை என் கம்ப்யூட்டர்ல போட்டேன். எடுக்க மறந்துட்டேன். பக்கத்து வரியில போட வேண்டியதை அந்த அம்மாவுக்குப் போட்டுட்டேன். அப்புறம் சர்வர்ல பதினாலுன்னு பார்த்ததும் வாயைத் திறக்கல."

பெரிய டாக்டர் அவசரமாகக் கடிதத்தை வாங்கிக் கிழித்தார். "சரிம்மா, இதோட விட்டுடலாம். வெளியே போனா எல்லாருக்கும் அசிங்கம். நீங்க வேலையைப் பாருங்க."

அண்ணி நிம்மதியாகச் சிரித்தார். டெக்னீஷியன் சிரிக்கவில்லை.

"விட முடியாது சார். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. அந்த அம்மாவோட வீட்டுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"எழுதலைன்னா?"

"நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்."

பெரிய டாக்டர் தன் இடத்துக்கு வந்து தட்டத் தொடங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

"'தவறுதலாக'ன்னு முழுசுக்கும் போடாதீங்க சார். திங்கட்கிழமை நடந்தது தவறுதலா நடந்தது. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் மூணு நாள் என் மேல பழி போட்டது தெரிஞ்சேதான் நடந்தது."

பெரிய டாக்டர் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் அந்த வரியை அழித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார்.