சிவக்க வேண்டிய பூ

புதுக்கொற்கையில் காலையில் எழுந்தவர்கள் பல் துலக்குவதற்கு முன்பே சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி, கண்ணாடியில் தங்கள் பூவைப் பார்ப்பார்கள். இடது காறையெலும்புக்குக் கீழே, தோலைப் பிளந்துகொண்டு முளைத்திருக்கும் கசகசாப் பூ அது. நான்கு இதழ், நடுவில் கறுப்பு. சிவப்பாக இருந்தால் நிம்மதியாகக் காப்பி போடலாம். வெளுத்திருந்தால் அன்று அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள்.

பூமியில் ஒரு காலத்தில், போரில் இறந்தவர்களை நினைத்துக் காகிதத்தில் இப்படிச் சிவப்புப் பூக்கள் செய்து சட்டையில் குத்திக்கொள்வார்கள். செவ்வாய்க்குக் குடியேறியவர்கள் பனிக்கட்டிக்காக வடமுனைக்காரர்களோடு சண்டையிட்டு, இரண்டு பக்கமும் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, அந்தப் பழைய வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஆனால் காகிதப் பூவை யாரும் குத்திக்கொள்ளலாமே, உள்ளே துக்கம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்காகத்தான் இந்த உயிர்ப்பூவை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். வயதுக்கு வந்த ஒவ்வொருவர் தோலுக்கடியிலும் அதன் விதையை வைத்தார்கள். துக்கப்படும்போது இரத்தத்தில் ஊறும் சுரப்பை அதன் வேர் குடிக்கும். குடிக்கக் குடிக்க இதழ் சிவக்கும்.

நாச்சியாரின் பூ ஒரு நாளும் வெளுத்ததில்லை. அவள் கணவன் முத்தரசு வடமுனைப் பனியில் செத்தவன். அப்போது மகள் தாரகை வயிற்றில் இருந்தாள். அந்தத் தாரகையின் பூதான் இப்போது அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. மறுநாள் நினைவுநாள், எல்லோர் பூவையும் சோதிக்கும் நாள்.

"சாப்பாட்டுல உப்பு கம்மி பண்ணிப் பாக்கலாமாடி? உப்பு சேந்தா வெளுக்கும்னு சொல்றாங்க" என்றாள் நாச்சியார்.

"அம்மா, எனக்குத் துக்கம் வரல. அவ்வளவுதான். பாக்காத ஆளுக்காக எப்படி அழுறது?"

"அப்படிச் சொல்லாத. சுவத்துக்குக்கூட கேக்கும்."

கேட்டால் என்ன ஆகும் என்பது பக்கத்து வீட்டில் இருந்தது. போன ஆண்டு அறிவழகனின் பூ வெளுத்துவிட, அவனை நினைவூட்டகத்துக்கு அழைத்துப்போனார்கள். அங்கே தலையில் ஒரு கவசத்தை மாட்டி, இறந்த வீரர்களின் கடைசி நிமிடங்களை மூளைக்குள்ளேயே ஓடவிடுவார்கள். மாலையில் பூ நன்றாகச் சிவந்து வீடு திரும்பினான். அன்றிலிருந்து குக்கர் விசில் அடித்தால் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவன் மனைவி இப்போது பாத்திரத்தில்தான் சோறு வடிக்கிறாள்.

இந்த ஆண்டு வெளுத்தவர்கள் அதிகம் என்று ஊரெல்லாம் பேச்சு. போரைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு பாடம். நகரத் தலைவர் கலியமூர்த்தி ஏதோ முடிவு எடுத்துவிட்டார் என்றும், நாளை அறிவிப்பார் என்றும் தண்ணீர் வாங்கும் வரிசையில் பேசிக்கொண்டார்கள். வடமுனையோடு இருந்த தொலைபேசித் தொடர்பை ஒரு வாரமாகக் காணோம். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பழுது பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

சாயங்காலம் நகரை மூடியிருந்த குவிமாடத்தின் வெளிச்சம் மஞ்சளாக மாறியபோது நாச்சியார் மகளை அருகே உட்காரவைத்தாள். இத்தனை வருஷமாகத் தொண்டையைத் தாண்டாத ஒன்றை அவள் சொல்லியாக வேண்டும்.

"உங்கப்பா கோட்டையப் பிடிக்க ஓடும்போது குண்டு பட்டுச் செத்தார்னுதானே பள்ளிக்கூடத்துல சொன்னாங்க?"

"கல்வெட்டுலயும் அப்படித்தானே இருக்கு?"

"அவரு யாரையும் பிடிக்க ஓடல. காத்தாடி ரிப்பேர் பண்ற மனுஷன். துப்பாக்கி குடுத்து அனுப்புனாங்க. பனிக்குழியில உக்காந்திருக்கும்போது உடுப்போட சூடேத்தி நின்னுபோச்சு. திரும்பி வரட்டுமான்னு கேட்டுருக்காரு. வேணாம், அங்கயே இருன்னுட்டாங்க."

தாரகை அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவர்கிட்ட ரேடியோ இருந்துச்சு. என்னைக் கூப்புட்டாரு. 'நாச்சி, ரொம்பக் குளிருதுடி'ன்னாரு. எதிர்க் குழியில வடமுனைக்காரன் ஒருத்தன் விடாம இருமிட்டே இருக்கான், பாவம், அவனுக்கும் சூடேத்தி போயிருச்சு போலன்னாரு. இங்க எதுக்கு வந்தோம்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியலன்னு சிரிச்சாரு. அப்புறம் குழந்தைக்கு என்ன பேரு வைக்கலாம்னு பேச ஆரம்பிச்சோம். எனக்குத் தூங்கவிடக் கூடாதுன்னு பயம். ஒவ்வொரு பேரா சொல்லிட்டே இருந்தேன். எதுவும் அவருக்குப் பிடிக்கல. மேல பாத்துட்டு, 'இங்கருந்து நட்சத்திரம் நல்லாத் தெரியுது, தாரகைன்னு வை'ன்னாரு. பல்லு கிடுகிடுன்னு அடிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு."

"எம் பேரா?" என்றாள் தாரகை. "கடைசியா சொன்னது எம் பேரா?"

நாச்சியார் தலையசைத்தாள். மகள் அவள் மடியில் கவிழ்ந்து, குழந்தையில்கூட அழாத அழுகை அழுதாள். நாச்சியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே சட்டைக் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தாள். இதழ்களின் விளிம்பில் இளஞ்சிவப்பு ஏறி, நடுவரை பரவி, கடைசியில் வெட்டுக்காயம் போல நின்றது. தன் பூவைவிட அது சிவப்பு. பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் நினைவுத்திடலில் நகரமே கூடியிருந்தது. வாயிலில் இருந்த கருவி தாரகையின் பூவைப் பார்த்ததும் பச்சை விளக்குப் போட்டது. காவலர் ஒருவர் மரியாதையோடு அவளை முதல் வரிசைக்கு அழைத்துப்போனார். நாச்சியாருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெளுத்தவர்களைப் பின்னால், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கடந்துபோனாள்.

கலியமூர்த்தி மேடையேறினார். எப்போதும் போல மெல்லிய குரல்தான்.

"நம் பூக்கள் வெளுக்கின்றன. நாம் மறக்கிறோம் என்பது வடமுனைக்காரனுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அவன் மறுபடி பனி எல்லையைத் தாண்டுகிறான். நம் வீரர்களின் நினைவைக் காப்பாற்ற ஒரே வழிதான் மிச்சமிருக்கிறது. இன்று காலை நம் முதல் படை புறப்பட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். வெளுத்த நெஞ்சை நம்பி எதிரியின் முன் நிறுத்த முடியாது. எவர் துக்கம் இன்னும் பச்சையாக இருக்கிறதோ, அவர்களுக்கே முன்வரிசை."

கருவி தேர்ந்தெடுத்த பெயர்கள் ஒலித்தன. முதல் பெயர் தாரகை.

நாச்சியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேடைக்கு ஓடினாள்.

"ஐயா, அது சாயம்! பீட்ரூட் சாறு. நான்தான் பூசிவிட்டேன். உள்ள வெளுத்த பூவுங்க. என் பொண்ணுக்குத் துக்கமே கிடையாது. தண்டன குடுங்க, நினைவூட்டகத்துக்கே அனுப்புங்க, வாங்கிக்கறோம்!"

திடல் முணுமுணுத்தது. கலியமூர்த்தி கோபப்படவில்லை. வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து வரச் சொல்லி, தாரகையின் பூவைத் தானே துடைத்தார். துணியை எல்லோரும் பார்க்கும்படி விரித்துக் காட்டினார். அதில் ஒரு பொட்டுச் சிவப்பில்லை.

"தாய்ப் பாசம்மா, புரியுது" என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா இது கலப்படமில்லாத துக்கம். நீங்க பெருமைப்படணும்."

தாரகை ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "நான் அழுதது எங்கப்பாவுக்காக! அவரை அந்தக் குழியில உக்கார வெச்சது எதிரி இல்ல, நீங்க..."

"கேட்டீர்களா?" கலியமூர்த்தியின் குரல் அவள் குரலுக்கு மேல் எழும்பியது. "அப்பாவுக்காக!"

திடலே எழுந்து நின்று கைதட்டியது. அவள் தொடர்ந்து பேசியது யாருக்கும் கேட்கவில்லை. காவலர்கள் இருவர், மிகுந்த மரியாதையோடு, அவளைப் பனி வண்டிகளின் பக்கம் அழைத்துப்போனார்கள். நாச்சியார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனாள். பிறகு கையில் கையில்லை.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு தாயோ தகப்பனோ வாயைப் பொத்திக்கொண்டார். வரிசை வரிசையாகப் பூக்கள் சிவந்தன. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் பூக்களும் மெல்ல நிறம் ஏறின. அவர்களுடைய அண்ணனையோ அக்காவையோ வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து பார்த்த கலியமூர்த்திக்குத் திடல் ஒரு கசகசாத் தோட்டம் போலத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டிகள் உறுமத் தொடங்கியபோது, நிகழ்ச்சி முறைப்படி கடைசி உறுதிமொழிக்காக எல்லோரும் வலது கையை நெஞ்சின்மேல் வைத்தார்கள். ஆண்டுதோறும் சொல்கிற வாசகம். சின்னக் குழந்தைக்கும் மனப்பாடம். நகரம் முழுவதும் ஒரே குரலில், ஒரு சொல் பிசகாமல் அதைச் சொன்னது:

"இனி ஒருபோதும் போர் வேண்டாம்."