பின்னால் நடக்கும் பிள்ளை

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அன்று துளைக்கத்தான் செய்தது. ராஜினி மகள் யதுர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு வாசிகசாலைச் சந்திக்கு வந்தபோது, மற்றப் பிள்ளைகள் பனிப்புகாருக்குள் கும்பலாக நின்றார்கள். மயில்வாகனம் யானை விரட்டும் வெடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார்.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கும் குடியேற்றக் கிராமம் அது. பள்ளிக்கூடத்துக்குப் போக, காட்டுக்குள்ளால் போகும் கிறவல் மண் றோட்டை விட்டால் வேறு வழியில்லை. பெற்றோர் முறை வைத்து, ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போவார்கள். இன்று முன்னால் மயில்வாகனத்தின் முறை, பின்னால் ராஜினியின் முறை.

இந்த ஏற்பாடு போன வருசம் சுதர்சினி செத்த பிறகு வந்தது.

தாத்தா காலத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை அவள். அவளுடைய பேச்சைப் பழித்துக்காட்டி, "எங்களோடை வராதை, பின்னாலை வா" என்று விரட்டியது இதே கும்பல்தான். அதற்குத் தலைவி வேறு யாருமில்லை, யதுர்ஷிகாதான். சுதர்சினியின் தாய் வடிவம்மா ஒருநாள் ராஜினியின் படலைக்கு வந்தாள்.

"அக்கா, ஒங்க மக எம்புள்ளய சேத்துக்க மாட்டேங்குதாம். காட்டுக்குள்ள தனியா வருது, பயமா இருக்கு."

"சின்னப்பிள்ளையளின்ரை சண்டைக்குள்ள பெரியாக்கள் வாய் வைக்கக்கூடாது, வடிவம்மா. இண்டைக்கு அடிபடுங்கள், நாளைக்கு ஒண்டாய் விளையாடுங்கள்."

வடிவம்மா பள்ளிக்கூடத்துக்கும் போனாள். அதிபர் மெத்தப் படித்தவர் அல்லவா? மறுநாள் காலைப் பிரார்த்தனையில் சுதர்சினியை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "ஆர் உன்னைக் கரைச்சல் படுத்தினது, காட்டு பாப்பம்" என்றார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிரச்சினை ஒன்றுமில்லை என்று அவர் முடித்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குக் கோள்மூட்டி என்று பட்டமும் கிடைத்தது. இன்னும் தள்ளி நடக்க வைத்தார்கள். அப்படித் தள்ளி நடந்த ஒரு பனிக்காலையில்தான் யானை குறுக்கே வந்தது.

ஊர் கூடி யானையைத் திட்டியது. யானை வேலி கேட்டு றோட்டை மறித்தது. பிள்ளை ஏன் தனியே நடந்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. யானைக்கென்ன, மறுத்துச் சொல்ல வாயா இருக்கிறது?

ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியும். பின்னால் தள்ளிவிட அவர்களுக்கு ஓர் ஆளும் வேண்டியிருந்தது. "நீதான் அவளைச் சாக்காட்டினனி" என்று யதுர்ஷிகாவைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ராஜினி அதிபரிடம் ஓடினாள். "சின்னப்பிள்ளையள்தானே, விடுங்கோ" என்றார் அவர். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் இருந்தபோது ராஜினிக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மனம் மரத்துப்போய்க் கிடந்தது. மகளை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் அவளுக்குள் இல்லை.

கும்பல் நடக்கத் தொடங்கியது. மயில்வாகனத்தின் டோர்ச் வெளிச்சம் முன்னால் மங்கலாக ஆடிப்போனது. இரண்டு பக்கமும் பாலை மரங்கள் சொட்டுச் சொட்டாகப் பனியை வடித்தன. கொஞ்சத் தூரத்தில், யதுர்ஷிகா தாயையும் விட்டுப் பின்தங்கினாள்.

"எங்கை பிள்ளை பின்னுக்கு நிக்கிறாய்?"

"அவள் தனிய வாறாள் அம்மா."

"ஆர்?"

ராஜினி நின்றாள். மகளின் சப்பாத்துச் சத்தமும் நின்றது. அதற்குப் பிறகும் ஒரு சத்தம் கிறவலில் சரக், சரக் என்று நடந்து வந்து, மகளுக்குப் பக்கத்தில் ஓய்ந்தது.

"திரும்பிப் பாக்காதேங்கோ" என்று யதுர்ஷிகா குசுகுசுத்தாள். "அவளுக்கு வெக்கம்."

ராஜினி பார்வையை முன்னால் போன வெளிச்சத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அவளையும் எங்களோடை கூப்பிடுவமே? நாங்கள் ஒருக்காலும் கூப்பிடேல்லை."

"வாயை மூடு! உன்ரை பாட்டைப் பாத்து நட."

அந்த நேரம்தான் மணத்தது. நசுங்கிய பச்சைக் கொப்பு மணமும் யானை லத்தியின் புளித்த மணமும். எங்கோ உள்ளே ஒரு மரம் முறிந்தது. முன்னால் போன வெளிச்சத்தைக் காணவில்லை.

ராஜினி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். "கையைத் தா. கெதியா."

ஒரு சின்னக் கை வந்து அவள் கைக்குள் புகுந்தது.

பனிக்கு விறைத்துக் குளிர்ந்திருந்தது. ராஜினி அதை இறுகப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று நடந்தாள். கை ஒரு முரண்டும் பிடிக்காமல் கூடவே வந்தது. அப்பாடா, பிள்ளை என்னோடுதான் வருகிறாள் என்று நினைத்தாள்.

பின்னால் சப்பாத்துச் சத்தம் ஓடி வந்தது.

"அம்மா!"

யதுர்ஷிகாவின் குரலேதான்.

"திரும்பாதை குஞ்சு" என்றாள் ராஜினி, கையை இன்னும் இறுக்கி. "அது உன்ரை குரலிலை கூப்பிடுது. பேசாமல் வா."

"அம்மா, நில்லுங்கோ! எனக்குக் கால் சறுக்குது அம்மா!"

ராஜினி ஓடினாள். குரல் தேய்ந்து தேய்ந்து புகாருக்குள் போனது. கைக்குள் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக அவளுடைய விரல்களுக்குள் கோத்துக்கொண்டன.

பள்ளிக்கூடப் படலையில் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. மயில்வாகனம் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு இவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"என்ன ராஜினி, தனிய வாறீர்? எங்கை உம்மடை பிள்ளை?"

ராஜினி குனிந்தாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. அவளுடைய கை மட்டும் ஒரு சின்னக் கையைப் பொத்தியபடி வளைந்து நின்றது. அதற்குள் வெறும் காற்று. ஆனால் பிடித்திருப்பது தெரிந்தது, குளிர் தெரிந்தது, சின்ன நகங்கள் குத்துவது தெரிந்தது.

காட்டுப் பக்கம் மரம் ஒன்று மளமளவென்று சரிந்தது. அதற்கும் அப்பால், வெகு தூரத்தில், யதுர்ஷிகா கத்தினாள்.

"அம்மா, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ!"

"ஐயோ, என்ரை பிள்ளை!" என்று ராஜினி அலறினாள். மயில்வாகனம் வெடியை எடுத்துக்கொண்டு ஓடினார். ராஜினியும் பாய்ந்தாள். கால் நகர்ந்தது, கை வரவில்லை. உதறினாள், இழுத்தாள், மற்றக் கையால் காற்றை அடித்தாள்.

காதோரம் மெல்லிய குரலொன்று, மிகவும் மரியாதையாகக் கேட்டது.

"என்னய விட்டுட்டுப் போயிராதீங்க அத்தை."

பிடி இன்னும் இறுகியது.