கனிதடை

சம்பந்தியம்மா பையைத் திறந்ததுமே கோகுலனுக்கு வாசனை தட்டியது. உள்ளே ஒரு சீப்பு பூவன் பழம்.

"ஏனுங்க, பழமா கொண்டாந்தீங்க? சோதனைச்சாவடியில எப்படி விட்டாங்க?"

"சேலையில சுத்தி எடுத்தாந்தேனுங்க. வாயும் வயிறுமா இருக்கற புள்ளையப் பார்க்க வெறுங்கையோடவா வருவாங்க? நல்ல சம்பந்தம் போங்க!"

பழுத்த எதுவும் அந்தப் பள்ளத்தாக்குக்குள் வரக்கூடாது. எல்லார் தோட்டத்திலும் கனிதடைத் தக்காளி. அது முற்றும், பழுக்காது. மாதக்கணக்கில் செடியிலேயே பச்சையாக நிற்கும். பழுத்த பழம் விடும் வாயு பட்டால்தான் தடை உடையும். உடைந்தால் ஒரு காயின் மூச்சில் அடுத்த காய், ஒரு தோட்டத்தின் மூச்சில் அடுத்த தோட்டம் என்று ஊரே சிவந்துவிடும்.

முன்பெல்லாம் பழுத்த தக்காளி யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் வியாபாரி சொன்னதுதான் விலை. கட்டுப்படியாகாமல் ரோட்டில் கொட்டியவர்களில் கோகுலனும் ஒருவர். இப்போது காத்திருக்க வேண்டியது பட்டணம். போன வருடங்களில் ஒரு மாதம் பொறுத்தார்கள். இந்த வருடம் விலை ஏற ஏற, 'இன்னும் கொஞ்சம் ஏறட்டும்' என்று விவசாயிகள் சங்கம் பழுக்கவிடும் நாளைத் தள்ளிக்கொண்டே போனது. மசக்கையில் தக்காளி ரசம் கேட்டு அழுத மகளுக்கு, பத்து ஏக்கர் வைத்திருந்தும், அவரால் ஒரு பழம் தர முடியவில்லை.

மகள் நிவேதா அதற்குள் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டாள்.

"கொடு கண்ணு. ஊரே கெட்டுப்போயிரும்."

"உங்களுக்கு வெல ஏறற வரைக்கும் எம் புள்ள காத்திருக்குமாப்பா?"

அவர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். மண்ணுக்குள் போனால் வாயு அடங்கிவிடும், மீதியைப் புதைத்துவிடலாம் என்று சீப்போடு தோட்டத்துக்கு ஓடினார். பழ வாயுவை முகர்ந்து எச்சரிக்க வரப்பில் நட்டிருந்த மோப்பக்கம்பம் அலறியது.

சங்கத் தலைவன் பிரதீப் ஆட்களோடு ஓடி வந்தான். "மாமா, பைத்தியமா புடிச்சிருக்குது? ஊர் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். பிறகு எல்லாரும் செடிகளைப் பார்த்தார்கள். வாயு பட்ட கொஞ்ச நேரத்தில் காயின் நுனியில் மஞ்சள் ஓட வேண்டும்.

ஓடவில்லை.

வெயில் சாய்ந்தது. சட்டையைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது என்று கோகுலனுக்குத் தெரியவில்லை. அவர் ஒரு பழத்தை உரித்துப் பிசைந்து ஒரு காயின் மேல் பூசினார். அடுத்ததை இன்னொரு செடிக்கு. சீப்பு தீரும்வரை பூசினார். காய்கள் பச்சையாகவே நின்றன.

பிரதீப் ஒன்றைப் பறித்துப் பிளந்தான். பிளக்கக் கத்தி வேண்டியிருந்தது. உள்ளே சாறில்லை, கட்டைபோல் வெளுத்த சதை. அதிக நாள் காக்கவைத்ததில் காய்க்குப் பழுப்பதே மறந்திருந்தது. அவன் திரும்பித் தன் தோட்டத்தைப் பார்த்தான். ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்தைப் பார்த்தார்கள்.

"மாமா," என்றான் தணிந்த குரலில், "வீட்டுல இன்னொரு பழம் இருக்குதுங்களா?"

வீட்டுக்குள் நிவேதா தான் எடுத்த பழத்தின் தோலைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள்.