நாடி பார்க்க நீட்டிய கை

ஆடி மாதத்துப் புதுவெள்ளம் இருகரையும் தளும்ப ஓடிக்கொண்டிருந்த வெண்ணாற்றின்மீது, மேற்றிசையில் செவ்வானமும் கீழ்த்திசையில் அப்போதுதான் எழுந்த முழுமதியும் எதிரெதிரே நின்று அழகு காட்டிய அந்த அந்திவேளையில், கரையோரத்து மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் இடம் பிடிக்கச் சண்டையிட்டுக் கூச்சலிட, சிறு ஓடம் ஒன்று தென்கரையை நோக்கிச் சென்றது. அதில் முக்காடிட்டு அமர்ந்திருந்தவளை யாரோ வணிகர் வீட்டுப் பெண் என்றுதான் ஓடக்காரன் நினைத்தான். அன்பு வாசகர்களே, நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால் நாமும் அப்படித்தான் ஏமாந்திருப்போம்! அவள் குறுங்கானூர்க் கோட்டையின் அரசி அருமொழிநங்கை. பக்கத்தில் இருந்தவள் அவளுடைய உயிர்த்தோழி குவளை.

"தேவி, இப்போதாவது திரும்பிவிடலாமே. கோட்டையில் தேடினால் என்ன சொல்வது?" என்று குவளை கிசுகிசுத்தாள்.

"நாளைக்குப் பிறகு என்னை யார் தேடப் போகிறார்கள், குவளை?" என்றாள் அரசி.

அந்த வார்த்தையில் எவ்வளவு வேதனை இருந்தது என்பதை அறிய வேண்டுமானால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மன்னர் பரகண்ட வேளாருக்கு அவள் மாலையிட்டு எட்டு ஆண்டுகள் ஆகியும் மடியில் ஒரு குழந்தை இல்லை. அவள் இருக்காத விரதமில்லை, குடிக்காத கஷாயமில்லை. மறுநாள் காலையில் அண்டை நாட்டிலிருந்து இளவரசியை மன்னருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுக்கச் சம்மதித்து நிச்சயத் தாம்பூலத் தட்டு வருகிறது. "எனக்கு வழியில்லை என்று தெரிந்தால் அந்தத் தட்டை நானே என் கையால் வாங்குகிறேன்" என்று முதலமைச்சர் குணசீலரிடம் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். வழி உண்டா இல்லையா என்று கேட்கத்தான் இந்தப் பயணம்.

தென்கரையில், நோயாளிகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்யும் ஆதுலர் சாலையின் தலைமை மருத்துவச்சி காரிநாச்சி. கைராசிக்காரி, வாயோ அதைவிடப் பெரிது. அரசியின் நாக்கையும் நகத்தையும் கண்ணிமையையும் பார்த்தாள். நாடியில் விரல் வைத்து வெகுநேரம் இருந்தாள்.

"ஏனம்மா, வீட்டில் சோறு போடுகிறார்களா இல்லையா?"

"நான்... விரதம் இருக்கிறேன்."

"எத்தனை விரதம்?"

குவளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். காரிநாச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "வாரத்தில் பாதி நாள் பட்டினி கிடந்தால் வயலில் ஈரம் எப்படி இருக்கும்? அரச மரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான்! நன்றாகச் சாப்பிடுங்கள். பால், நெய், எள்ளுருண்டை, உளுந்தங்களி. உடம்பு வற்றியிருக்கிறது, அதைத் தவிர வேறு பெரிய குறை எனக்குத் தெரியவில்லை. சரி, கணவர் எங்கே?"

அரசி தடுமாறினாள். "அவரால் வர இயலாது."

"அப்படியானால் மருந்து கிடையாது. பிள்ளை வேண்டுமென்று தனியாக வருகிற பெண்ணுக்கும் மருந்தில்லை, ஆணுக்கும் மருந்தில்லை. இது இந்தச் சாலையின் வழக்கம். ஒரு கை தட்டினால் ஓசை வருமா?"

அருமொழிநங்கையின் கண்கள் குளமாயின. "அம்மா, நாளைக் காலையில் என் இடத்துக்கு இன்னொருத்தியை நிச்சயம் செய்யப் போகிறார்கள். இருக்கிறதா வழி, இல்லையா என்று மட்டுமாவது சொல்லுங்கள்."

காரிநாச்சியின் குரல் சட்டென்று தணிந்தது. "பாதி ஓலையைக் காட்டிவிட்டு முழுச் சேதியும் சொல் என்றால் நான் என்ன செய்வேன், தாயே? நல்ல கூத்துதான்! வெளிக்கூடத்தில் ஒரு குதிரை வியாபாரி உட்கார்ந்திருக்கிறார். அடிக்கடி வருகிறார். மனைவியை அழைத்து வர முடியாதாம். சரி, உம்முடைய கையையாவது கொடும் ஐயா, நாடி பார்க்கலாம் என்றால், தேள் கொட்டியதுபோல் இழுத்துக்கொள்கிறார்! கணவனை அழைத்து வராத நீங்களும் மனைவியை அழைத்து வராத அவரும் ஒருவருக்கொருவர் வாய்த்திருந்தால் எனக்கு எவ்வளவு வேலை மிச்சம்!"

அப்போது வெளிக்கூடத்திலிருந்து, "மருத்துவச்சியாரே, இன்னும் நேரமாகுமா?" என்று ஒரு குரல் கேட்டது.

அரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தாள். அங்கே அடர்ந்த தாடியும் அழுக்குத் தலைப்பாகையுமாய் நின்ற குதிரை வியாபாரி, முக்காடு நழுவிய அவள் முகத்தைக் கண்டதும் துள்ளிப் பின்வாங்கினார். ஒட்டுத் தாடி ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது. பாவம், மன்னர் பரகண்ட வேளாருக்கு அதைத் தாங்கிப் பிடிக்கவும் தோன்றவில்லை!

"நங்கை! நீயா?"

"தாங்களா?"

காரிநாச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாட்டில் நாடி பார்க்கக் கை நீட்டாத ஆண்மகன் ஒருவர்தான் என்பது சட்டென்று அவளுக்கு நினைவு வந்தது. குறுங்கானூர் மன்னர்களின் நாடியை அவர்கள் உயிர் பிரியும் தறுவாயில் மட்டுமே பார்ப்பார்கள். அதற்கு முன் தொட்டால் ஆயுள் குறையும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். மருத்துவச்சி எழுந்து வணங்கினாள். ஆனால் குரலை மட்டும் குறைக்கவில்லை. "அடடா! எட்டு வருஷமாக அரண்மனை வைத்தியர்கள் ஒருவர் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்களா!"

அருமொழிநங்கைக்கு முதலில் கோபந்தான் வந்தது. "வேப்பங்கொழுந்தும் கழற்சிக்காயும் அரைத்து அரைத்து நான் குடித்தேன். மலடி என்று முதுகுக்குப் பின்னால் என்னைத்தான் பேசினார்கள். ஒருநாளாவது தங்கள் கையைப் பார்க்கட்டும் என்று தோன்றவில்லையா, பிரபு?"

"தோன்றியது. அதனால்தான் திருடனைப்போல் இங்கே வந்தேன்" என்றார் மன்னர், தலைகுனிந்து. "வந்தும் கையை நீட்டத் துணிவு வரவில்லை. குறை என்னுடையதென்று தெரிந்துவிடுமோ என்ற அச்சம். போர்க்களத்தில் இப்படி நான் அஞ்சியதில்லை, நங்கை. இதோ, இப்போது நீட்டுகிறேன்."

"வேண்டாம்!" என்று அரசி அந்தக் கையைத் தடுத்தாள். "இங்கே ஒளிந்து நீட்டினால் பழி என் தலையில்தான் இருக்கும். நாளைச் சபையில் நீட்டுங்கள். முடியாவிட்டால் தட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்."

மன்னர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். இருவரும் வெவ்வேறு ஓடங்களில் கோட்டைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. அண்டை நாட்டுத் தூதர் வெற்றிலையும் பழமும் பட்டும் அடுக்கிய தட்டை ஏந்தி முன்னே வந்தார். குணசீலர் அரசியைப் பார்த்தார். அருமொழிநங்கை மன்னரைப் பார்த்தாள். அவரோ கல்லாகச் சமைந்திருந்தார். அவள் எழுந்து, தட்டை வாங்கக் கைகளை நீட்டினாள்.

"பொறு, தேவி!"

மன்னரின் குரல் மண்டபத்தில் அதிர்ந்தது. "காரிநாச்சியாரே, வாருங்கள்!" என்று, விடியுமுன்னே ஆளனுப்பி வரவழைத்துத் தூண்மறைவில் நிறுத்தியிருந்த மருத்துவச்சியை அழைத்து, அத்தனை பேர் கண்ணெதிரே வலக்கையை அவளிடம் நீட்டினார். காரிநாச்சி மணிக்கட்டில் விரல் வைத்தாள்.

"ஐயோ!" என்று சபை அலறியது. வாயிலில் நின்ற முரசறைவோன், முன்னோர் சொல்லி வைத்தபடி, மன்னரின் நாடியைப் பார்த்த மாத்திரத்தில் சாவு முரசை அடிக்கத் தொடங்கிவிட்டான்! கடைவீதி முழுவதும் மாரடித்துக்கொண்டு ஓடிவந்தது. வந்து பார்த்தால் மன்னர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"சிரிக்காதீர்கள், அரசே, நாடி ஓடுகிறது!" என்று அதட்டினாள் காரிநாச்சி. பிறகு சபைக்குக் கேட்கும்படி சொன்னாள்: "உடம்பில் சூடு கொதிக்கிறது. பொழுது விடிந்தது முதல் அடையும் வரை தோற்கவசத்தை இறுக்கிக் குதிரைமேல் இருந்தால் வித்து எப்படிப் பிழைக்கும்? குதிரையைக் கொஞ்ச காலம் லாயத்தில் கட்டுங்கள். என் மருந்தைச் சாப்பிடுங்கள். பிள்ளை பிறக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அது எந்த வைத்தியர் கையிலும் இல்லை. ஆனால் வழி இருக்கிறது. இருவருக்குமே இருக்கிறது."

வழி இருக்கிறது! அந்த ஒரு சொல்லுக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்த அருமொழிநங்கை, அரசி என்பதையும் மறந்து குவளையைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

மன்னர் வாளை உருவி உயர்த்தினார். "சபையோரே, கேளுங்கள். குலதெய்வத்தின்மீது ஆணை! பிள்ளை பிறந்தாலும் என் தேவி இவள்தான், பிறக்காவிட்டாலும் இவள்தான். பிறக்காவிட்டால் என் தம்பி மகன் முடிசூடட்டும். தூதரே, உங்கள் இளவரசிக்கு என் தங்கைக்குரிய சீர் அனுப்புகிறேன், வருத்தம் வேண்டாம்."

வாயிலில் முரசறைவோன் கோலை நடுவானில் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தான். "அரசே... நிறுத்திவிடவா?"

"எதற்கு நிறுத்துகிறாய்? மணமுரசாக மாற்றி அடி! இன்று எனக்குத் திருமணம்."

"மணப்பெண் யார், பிரபு?" என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டே குறும்பாகக் கேட்டாள் அருமொழிநங்கை.

மன்னர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.