இரண்டு விரல் மேலே

காலை 6.40. மாட்டுத்தீவன ஆலையின் மூட்டை ஏற்றும் மேடையில் முதலாளி குப்புறக் கிடந்தார். பென்சிலால் குத்தியதுபோல் கழுத்தில் சின்னதாக, சுத்த வட்டமாக ஒரு துளை.

காலை 8.10. இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினாள். ஸ்டேஷனில் அவளுக்கு எலுமிச்சை என்று பெயர். மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் முட்டாள்கள், மிச்சம் பேர் பொய்யர்கள் என்பது அவள் கட்சி. மேடைக்கு வந்த இரண்டாவது நிமிடமே முதலாளியின் மாப்பிள்ளையை இரண்டு பட்டியலிலும் சேர்த்துவிட்டாள். மாமனார் செத்துக் கிடக்கிறார். இவரோ தலை கலையாமல் நின்று துப்பாக்கிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஏர் ரைபிள் இங்க ரெண்டே ரெண்டு மேடம். என்னோடது ஒண்ணு, கிடங்குல எலி சுட வச்சிருக்கிற எலிக்காரனோடது ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே அளவு குண்டுதான்."

"உங்களோடதை யாரெல்லாம் எடுப்பாங்க?"

"என் ரைபிளையா? பெட்டிச் சாவி என் கழுத்துலயே கிடக்கு. பொண்டாட்டியக்கூடத் தொட விடமாட்டேன். நேத்து சாயங்காலம் நாப்பது மீட்டர்ல தீப்பெட்டிய அடிச்சேன், அஞ்சுக்கு அஞ்சு."

'நல்ல வாய்' என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம் 12.15. பிரேதப் பரிசோதனை டாக்டர் குண்டை அனுப்பினார். எலும்பில் மோதி நசுங்கியதில் துப்பாக்கிக் குழாயின் தடம் அழிந்திருந்தது. ஆனால் எடை மிச்சமிருந்தது. ஏர் ரைபிளில் வழக்கமாகப் போடும் பெல்லட் இடுப்பு சிறுத்து, வால் குழிந்து, லேசாக இருக்கும். இது இடுப்பே இல்லாத முழு ஈயத் துண்டு. ஸ்லக்.

எலிக்காரர் பையில் ஸ்லக் டப்பா ஒன்று இருந்தது. மூடி திறந்திருந்தது.

"போன வாரம் மாப்பிள்ளைதான் குடுத்தாரும்மா, எலிக்கு நல்லதுன்னு. நான் சுடவே இல்ல. என் துப்பாக்கி பழைய ஸ்பிரிங் துப்பாக்கி, இந்தக் கனத்தத் தள்ளாது."

"நான் ஸ்லக்கைக் கையால தொட்டதில்ல" என்றார் மாப்பிள்ளை. "பெல்லட் மட்டும்தான். பயத்துல உளர்றான்."

பிற்பகல் 3.00. கிடங்கின் உள்ளே ஒரு சுவரில் அட்டை மாட்டி, நடுவே தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போடச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். நாற்பது மீட்டர். கொன்றவன் சுட்டது கிடங்கின் ஜன்னலிலிருந்து; அங்கிருந்து மேடைக்கும் அதே தூரம்தான். இறந்தவரின் மகள், மாப்பிள்ளையின் மனைவி, ஓரமாக நின்றாள்.

எலிக்காரர் துப்பாக்கியில் ஸ்லக்கைப் போட்டு இன்ஸ்பெக்டரே சுட்டாள். அட்டையின் கீழ் மூலையில் நீளவாக்கில் ஒரு கிழிசல். குண்டு படுத்துக்கொண்டே போயிருந்தது.

"ஓட்டைத் துப்பாக்கி" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

"ஆமா சார். கழுத்துல இருந்த வட்டத்தை இது போட முடியாது. எங்க, நீங்க அஞ்சு போடுங்க. உங்க பெல்லட்லயே."

மாப்பிள்ளை தெரிந்தே தவறவிட்டிருக்கலாம். அந்தத் தலைக்கனத்துக்கு அது ஒத்துவராது என்று அவளுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்து அழகாகச் சுட்டார். ஐந்தும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. ஆனால் கட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. நடுவிலிருந்து இரண்டு விரல் மேலே.

"காத்து..."

"கிடங்குக்குள்ளயா?"

ரைபிளை வாங்கினாள். மேலிருந்த குறிபார்க்கும் டெலஸ்கோப்பைத் தொடவில்லை. ஸ்லக்கைப் போட்டு, கட்டத்தின் நடுவைக் குறிவைத்து மூன்று முறை சுட்டாள். மூன்றும் நட்டநடுவே.

ரைபிளை இறக்கிவைத்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"கை தப்பினா குண்டு சிதறும். உங்களுது சிதறல, ஒரே இடத்துல மேல போச்சு. லேசான பெல்லட் வேகமாப் போகும், கம்மியா இறங்கும். கனமான ஸ்லக் அதிகமா இறங்கும். இந்த டெலஸ்கோப்பை ஸ்லக்குக்குன்னு திருகி வச்சிருக்கீங்க. நேத்து பெல்லட்ல அஞ்சுக்கு அஞ்சுன்னது பொய். தொட்டதே இல்லன்னதும் பொய். சாவி உங்க கழுத்துல. குழாய்க்கு எந்தத் தடிமன், எந்த எடைன்னு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கீங்க. மிச்ச டப்பாவ இந்த மனுஷன் தலையில கட்டினீங்க. குறியைப் பழையபடி திருப்பி வைக்கணும்னு மட்டும் தோணல. இவ்வளவுதான் சார் உங்க நிபுணத்துவம்."

"அந்தாளு எல்லார் முன்னாடியும்..." மாப்பிள்ளையின் குரல் கீச்சென்றது. "அவர் நாற்காலி இவளுக்காம். நான் ரைபிளைத் துடைச்சிக்கிட்டு நிக்கணுமாம்!"

"அதையாவது ஒழுங்காத் துடைச்சிருக்கலாம்" என்றாள் இன்ஸ்பெக்டர். விலங்கு மாட்டினார்கள்.

"ஒரு வக்கீலுக்கு போன் பண்ணு" என்றார் மனைவியிடம். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாலை 4.20. ஜீப்பில் ஏறப்போன இன்ஸ்பெக்டரின் பக்கத்தில் மகள் வந்து நின்றாள்.

"மேடம், அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வைத்த காலைக் கீழே இறக்கினாள்.

"இல்லம்மா" என்றாள். உண்மையா என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.