குழாய் வழியே மூன்றாம் சரணம்

"மூணாவது சரணம் வந்ததும் எல்லாம் அமைதியாயிடுச்சு. வேற யாரோ பாடுறாங்க, எனக்குத் தெரிய வேண்டாம்னு போனை மூடிட்ட. அப்படித்தானே சிட்டு?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. சத்தியமா அதை யாருமே பாடல. பெரியப்பா ஆர்மோனியம் மட்டும்தான் வாசிச்சாரு."

அம்மா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மா படுக்கையில்தான் இருக்கிறாள். இன்னும் வலி விட்டபாடில்லை. ஞாயிறு ஆராதனையைக் கோயிலிலிருந்து சிட்டுதான் போனில் அவளுக்குக் கேட்கவைக்கிறாள். முன்பெல்லாம் மாலை ஜெபத்தை அவள்தான் நடத்துவாள். இப்போது, "நீங்க பண்ணுங்க. ஆண்டவர் என்னை மறந்துட்டாரு போல. எனக்கு வார்த்தையே வரல" என்று சொல்லிவிடுகிறாள்.

இயேசு கல்லறையிலிருந்து எழுந்த விடியலைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் கோயிலில் ஞாயிறுதோறும் அதைப் பாடுவார்கள். மூன்றாம் சரணம் அம்மாவுக்கு உரியது. அவள் விழுந்த பிறகு, பாடற்குழுவை நடத்தும் பெரியப்பா அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. "அது அவ இடம். அவ வர்ற வரைக்கும் பெட்டி மட்டும் பாடட்டும்" என்றுவிட்டார்.

அதை அம்மா தன் காதால் கேட்டால்தான் நம்புவாள். ஆனால் போன் ஏன் கேட்கவிடவில்லை?

சிட்டு போனைத் தோண்டித் துருவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். போன் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மனிதக் குரலைப் பிடித்துக்கொள்ளும். மற்றதை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். பாவம், பெரியப்பாவின் ஆர்மோனியத்தை அது இரைச்சல் கணக்கில் சேர்த்துவிட்டது.

"பெரியப்பாகிட்ட சொல்லிடாதே, அழுதுடுவாரு" என்றான் தம்பி.

சிட்டுவின் கண் வண்டி கழுவும் பச்சைக் குழாய்மேல் விழுந்தது. திறந்தவெளியில் ஒலி எல்லாப் பக்கமும் பரவி மெலிந்துபோகும். குழாய்க்குள் பரவ இடமில்லாததால் நேராக ஓடத்தானே வேண்டும்?

சனிக்கிழமை கோயில் மாடியில் பாடற்குழு நிற்கும் இடத்து ஜன்னலிலிருந்து தெருவுக்கு மேலாக வீட்டு ஜன்னலுக்கும், அங்கிருந்து அம்மாவின் அறைக்கும் குழாய் போனது. இரண்டு முனையிலும் எண்ணெய் ஊற்றும் புனல்.

"தம்பி, கேக்குதா?" என்று கோயில் முனையிலிருந்து கேட்டாள் சிட்டு.

"குளுக் குளுக்னு கேக்குது. அக்கா, நீ கிணத்துக்குள்ள இருந்து பேசுறியா?"

தெருவின் நடுவே குழாய் தொய்ந்திருந்தது. பழைய தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, ஒலிக்கு வழிவிடாமல் அடைத்துக்கொண்டு நின்றது. தம்பி தன் முனையை உயரத் தூக்கினான். சிட்டு தன் முனையை ஜன்னலுக்கு வெளியே தாழ்த்தினாள். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கீழே பெரியப்பா வந்துகொண்டிருந்தார்.

நனைந்த தலையுடன் அவர் மேலே ஏறி வந்தார். சிட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் புனலை வாங்கி ஆர்மோனியத்தின் பக்கத்தில் தானே கட்டி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் பாடற்குழு வாயை மூடிக்கொள்ள, ஆர்மோனியம் மட்டும் ஒலித்தது.

'இப்ப கேக்குதாம்மா?'

புனலிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. மறுபடியும் தண்ணீரா? சிட்டு காதை வைத்தாள். தண்ணீர் இல்லை, அம்மா பாடிக்கொண்டிருந்தாள்.

காது வைத்துக் கேட்கிற குழாயில் வாய் வைத்துப் பேசவும் முடியும் என்பதைச் சிட்டு மறந்தே போயிருந்தாள். அடுத்த நொடி மைக்கை இழுத்துப் புனலின் வாயில் வைத்தாள்.

கோயில் முழுக்க அம்மாவின் குரல் பரவியது. ஆட்கள் திரும்பித் திரும்பித் தேடினார்கள். பாதி வரியில் வலி பிடித்திருக்க வேண்டும், குரல் நின்றுவிட்டது. பெரியப்பா ஒரே சுரத்தை அழுத்தியபடி காத்திருந்தார். ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சுவிட்டபடி இருந்தது. பிறகு அம்மா விட்ட இடத்திலிருந்தே தொடங்கி, சரணத்தைப் பாடி முடித்தாள்.

ஆராதனை முடிந்ததும் புனலுக்கு முன்னால் பெரிய வரிசை நின்றது.

"ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்க. எல்லாரும் சேர்ந்து என் காதுல கொட்டாதீங்க" என்றது குழாய்.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் சிட்டு.

"அது இருக்குடி. ஆனா என் இடமும் இருக்கே, ஆண்டவர் காட்டிட்டாரு. அடுத்த வாரம் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லு. எனக்கு மூச்சு பத்தல."

பெரியப்பா குனிந்து கேட்டார்: "எவ்வளவு மெதுவாம்மா வேணும்?"

"நீங்க வண்டி ஓட்டுற வேகம் போதும்."

கோயிலே சிரித்தது. அந்தச் சிரிப்பு மொத்தமும் புனலுக்குள் புகுந்து, தெருவைத் தாண்டி, அம்மாவின் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தது.