எழுபத்துமூன்று பேரின் கதை

1911, பிப்ரவரி. காலை 9.40.

வேல்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் இருந்த ஹெபாக் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து எம்லின் புரோபர்ட்டின் உடல் மேலே வந்தது. பின்னந்தலையில் காயம்.

"கெட்ட காத்துல மயங்கிக் கல்லுல விழுந்திருக்கான்" என்றார் கம்பெனி டாக்டர். யாரும் மறுக்கவில்லை. கம்பெனியின் நாற்பது வருடச் சரித்திரத்தில் மூன்று பெரிய விபத்துகள். 1896-இல் மட்டும் எழுபத்துமூன்று பேர் பலி. அன்று உயிரோடு வெளியே வந்த ஒரே ஆள் எம்லின். அப்படிப்பட்டவனா இப்படி ஏமாந்தான்? போலீஸ் சார்ஜெண்ட் டெகிட் வானுக்கு மனம் ஒப்பவில்லை.

11.15. மேஸ்திரி மோர்கனோடு கீழே இறங்கினார். பழைய விபத்துப் பகுதியை அடைத்திருந்த சுவரில் ஒரு பொந்து; எம்லின் விழுந்ததாகச் சொன்ன இடம். அதற்குள் மோர்கன் தன் விளக்கைத் தரையில் வைத்தார். சுடர் சுருங்கி அணைந்தது.

"பாத்தீங்களா? டாக்டர் சொன்னது சரிதான். வாங்க சார்ஜெண்ட், அவனுக்குத் துணையா நாமளும் போக வேணாம்."

1.00. எம்லினின் மனைவி அங்காரட் அழவில்லை.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவரு அந்தப் பழைய விபத்தைப் பத்திப் பேசினாரு. ஊரே அழுதுச்சு. கம்பெனி சரித்திரப் புஸ்தகத்துல முதல் அத்தியாயமே எம்லின் சொன்னதுதான்னு மேனேஜர் அங்கேயே அறிவிச்சாரு. அதை எழுதற ஹாப்கின் மட்டும் எந்திரிச்சுப் போயிட்டாரு."

2.30. ஹாப்கின் ரீஸ், கம்பெனி குமாஸ்தா. ஏழு வருடமாகக் கம்பெனியின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருப்பவர்.

"காலையில நீங்களும் கூடப் போனீங்களா?"

"புஸ்தகத்துக்காகப் பழைய இடத்தைக் காட்டச் சொன்னேன். அவன் பொந்துக்குள்ள போனான். நான் வெளியில நின்னேன். கூப்பிட்டேன், பதில் இல்ல."

"அப்புறம்?"

"எட்டிப் பாத்தேன். தரையில கிடந்தான். பக்கத்துல அவன் விளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அந்த வெளிச்சத்துலதான் முகமே தெரிஞ்சுது. காலைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டேன்."

சார்ஜெண்ட் குறிப்பேட்டை மூடினார்.

"அந்தக் காத்துல மனுசன் மயங்குறதுக்கு முன்னாடியே விளக்கு அணைஞ்சிடும், ஹாப்கின். மோர்கன் விளக்கு என் கண்ணு முன்னாலயே அணைஞ்சுது. ஏழு வருஷமா அதைப் பத்தி எழுதறே, ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்ல. எம்லின் பொந்துக்குள்ள போகவே இல்ல. சுவரைக் காட்டத் திரும்பினப்ப பின்னாலருந்து அடிச்சிருக்கே. எதால?"

ஹாப்கின் தன் கையெழுத்துப் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கல்லால. செத்த ஒவ்வொருத்தன் பேரும், வயசும், வீடும் தேடித் தேடி எழுதினேன் நான். அவனுக்குப் பாதிப் பேர் ஞாபகமே இல்ல. ஆனா அவன் பேசினா அழறாங்க. நான் படிச்சா இருமுறாங்க."

சார்ஜெண்ட் விலங்கை மாட்டினார். வாசலருகே ஹாப்கின் நின்றார்.

"இதுவும் புஸ்தகத்துல வருமா?"

"வரும். எழுதப்போறது நீ இல்ல."